ஏழு மாமிமாரும் ஐம்பது எம்.எம். லென்ஸும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்த வினையில் பாதி என் வாயால் வந்தது. மீதிப் பாதியை வேண்டுமானால் யூடியூப் தலையில் போடலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், செபஸ்தியாம்பிள்ளை என்பவரின் கேமரா கடையில் நானும் என் வீட்டுக்காரர் சுமனும் நின்றுகொண்டிருந்தோம். சுமன் ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே பிரைவேட் பஸ் ஓட்டுகிறார். அவருடைய அடுத்த ஓட்டம் மூன்றே காலுக்கு. மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது. அதற்குள் நான் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அதை வைத்துப் படம் எடுத்தாக வேண்டும். அந்தப் படம் நன்றாக வந்தாக வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு பஸ்ஸில் ஏறி, கட்டுநாயக்காவில் என் தையல் மெஷினுக்கு முன்னால் மறுபடி போய் உட்கார வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் நான் வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேறு பிள்ளையை உட்காரவைப்போம் என்று சூப்பர்வைசர் போனிலேயே சொல்லிவிட்டாள்.

என் மகள் அபிஷாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது கார்மெண்டுக்குப் போனேன். இப்போது அவளுக்கு ஐந்தரை வயது. மாமியார் பேச்சியம்மாதான் வளர்க்கிறார். அவரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர். பிள்ளை பாதி நேரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில்தான் கிடந்தாள். இந்தத் தடவை லீவில் வந்தபோது அபிஷா கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “எத்தன நாள் இருப்பீங்க?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி! எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனிப் போவதில்லை என்று. ஆனால் முடிவு பண்ணினால் மட்டும் போதுமா? வீட்டில் இருந்துகொண்டே சம்பாதிக்க ஒரு வழி வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரே வேறு தொழில் படம் எடுப்பது. கட்டுநாயக்காவில் ஒரே போர்டிங்கில் இருந்த ஜெனுஷாவிடம் நல்ல கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடுகளுக்குப் போவாள். மூன்று வருடம் அவளுக்கு லைட் பிடித்தேன். கை ஓய்ந்த நேரத்தில் ஒரு கேமராவை என்னிடம் தருவாள். பெரிய பெரிய கல்யாண ஹோல்களில் அங்குமிங்கும் ஓடி ஓடி எடுத்திருக்கிறேன். நீ எடுக்கிற முகங்களுக்கு உயிர் இருக்கிறது என்று அவள் சொல்வாள். அதை நம்பித்தான் இத்தனை துள்ளலும்.

வேலையும் தானாக வந்தது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நிஷாந்தி டீச்சரின் மகள் சுலக்ஷனா பெரியபிள்ளையாகி, சனிக்கிழமை தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏழு மாமிமார் வரிசையாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த இடத்துக்குள் ஆம்பிளை வரக் கூடாது. அதனால் மஸ்கெலியாவிலிருந்து வருகிற ஸ்டூடியோக்காரர் அதற்குப் பிறகு நடப்பதைத்தான் எடுக்க முடியும். சரி, போனில் எடுக்கலாமே என்றால், போன மாசிமாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியதை யாரோ டிக்டொக்கில் போட்டு, அந்தப் பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் அதைப் பார்த்து நடுங்கிப்போயிருந்தார்.

“உள்ள ஒரு போன் வராது. நீ மட்டும் கேமராவோட வா. எடுத்து முடிஞ்சதும் அந்த மெமரி காட் என் கைக்கு வரணும். பிளாஷ் அடிக்கக் கூடாது, சேல மறைப்புல நெழல் விழுந்து வெளிய தெரியும். ஏழு மாமியும் புள்ளையச் சுத்தி நிக்கிற மாதிரி பெரிய படம் ஒண்ணு அல்பத்துக்கு வேணும். ஒருத்தர விட்டாலும் சண்டதான், தெரியும்தானே?” என்றார்.

“தெரியும் டீச்சர். நான் எடுத்துத் தாறேன்.”

டீச்சர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எங்கள் டிவிசன் மட்டுமல்ல, சுற்றியிருக்கிற நாலு தோட்டமும் என்னைக் கூப்பிடும். பொம்பிளை போட்டோக்காரி எங்கள் பக்கம் யாரும் இல்லை. ஆகவே இந்த ஒரு சடங்கு. என் பிள்ளையோடு நான் இருப்பதா இல்லையா என்பது அதில்தான் தொங்கியது.

கடைக்கு வருவோம்.

செபஸ்தியாம்பிள்ளை ஐம்பதைத் தாண்டியவர். எதற்கும் அவசரப்படாத ஆள். கண்ணாடி அலுமாரியிலிருந்து முதலில் ஒரு பழைய கேமராவை எடுத்து வைத்தார். நல்ல கனம். பெரிய லென்ஸ். பார்த்ததும் சுமனின் முகம் மலர்ந்துவிட்டது.

“லோஜி, இதப் பாரேன். இதத் தோள்ள போட்டுக்கிட்டு போனா எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

“தோள்ள போட வரல்ல நான். படம் எடுக்க வந்தேன்” என்றேன்.

லென்ஸைக் கழற்றி, வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். ஜெனுஷா சொல்லித் தந்தது. ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாகக் கிளை விட்டு ஓடியிருந்தது. எங்கள் மலையில் ஈரத்துக்கும் பனிக்கும் அரிசிப் பானையே பூக்கிறது, லென்ஸ் எம்மாத்திரம்?

“அண்ணே, இது என்னா?”

“தூசி தங்கச்சி. தொடச்சா போயிரும்.”

“தூசி கிள விட்டு வளருமா அண்ணே?”

அவர் துணியை எடுத்துக் கண்ணாடி அலுமாரியைத் துடைத்தார். விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “பூஞ்சணம் புடிச்ச சாமான தோட்டத்து ஆளுகன்னு எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா? நான் கட்டுநாயக்காவுல மூணு வருசம் கேமரா புடிச்சவ” என்று கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். சுமன் என் முழங்கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

“சரி சரி. அது வேணாம் விடுங்க” என்று சொல்லி அவர் பழைய கேமராவை உள்ளே வைத்தார். பிறகு ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பிரித்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குகிற சின்ன டிஎஸ்எல்ஆர். கைக்கு அடக்கமாக, பாரம் இல்லாமல் இருந்தது. பட்டன்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தன. கையில் எடுத்ததுமே இதுதான் என்று பட்டது. கேமரா முடிந்தது. இனி லென்ஸ்.

இங்கேதான் நான் சறுக்கினேன். பெட்டியோடு ஒரு லென்ஸ் வருகிறது, பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரைக்கும் திருப்பலாம். கிட்டே நின்றே ஒரு கூட்டத்தை எடுக்கலாம். ஆனால் வெளிச்சம் குறைந்தால் திணறும். அதற்குப் பதிலாகத் தனியாக ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றை வாங்கலாம். அதைத் திருப்ப முடியாது. கூட்டமோ ஒற்றை ஆளோ, நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். ஆனால் அரை இருட்டிலும் அதற்குக் கண் தெரியும். முகம் பளிச்சென்று விழும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். யூடியூபில் பேசுகிற அத்தனை பேரும் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். ஜெனுஷா என் கையில் தந்ததும் இந்த லென்ஸ்தான். இரண்டையும் வாங்கக் கையில் காசு இல்லை.

“எனக்கு அம்பதே போதும் அண்ணே. மத்தத எடுத்துட்டுத் தாங்க.”

“எங்க எடுக்கப் போறீங்க?”

“லயத்து வீட்டுப் பின்பக்கம். விடியக்காலையில.”

அவர் தலையை ஆட்டினார். “லயத்துக்கு அது சரிவராது தங்கச்சி. அடங்காது. பெட்டியில வாறதக் கொண்டு போங்க. நான் சொல்றதக் கேளுங்க.”

நல்ல மனுசன், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தானே பூஞ்சணத்தைத் தூசி என்றார்! அந்த வாயிலிருந்து வந்த எதையும் நம்ப எனக்கு மனமில்லை. பெட்டி லென்ஸைத் தனியாக விற்க முடியாமல் நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

“வெளிச்சம் இல்லாத எடத்துல உங்க லென்ஸ் கண்ண மூடிக்கும். எனக்குத் தெரியாதா?”

“சரி, நீங்க படிச்சவங்க” என்று சொல்லி, ஐம்பதை மாட்டித் தந்தார்.

சோதிப்பதற்குக் கடைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நின்ற சுமனை ஒரு படம் எடுத்தேன். பஸ் ஓட்டி ஓட்டிக் கறுத்த முகம், கண்ணோரத்துச் சுருக்கம், நெற்றியில் காலையில் வைத்த திருநீறு. பின்னால் இருந்த அலுமாரி பனிக்குள் போன மாதிரி மறைந்திருந்தது. சுமன் அதைப் பார்த்துவிட்டு, “அட, நானா இது?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நோர்வூட் தாண்டும்போது சுமன் திரும்பாமலே சொன்னார்: “காலையில பனிக்கு கண்ணாடி மூடிக்கும்டி. நான் உருளக்கெழங்கு வெட்டித் தேய்ச்சித் தரவா? பஸ் கண்ணாடிக்கு அப்பிடித்தான் செய்யிறேன், ஒரு சொட்டு நிக்காது.”

“அதத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்” என்றேன். முன் சீட்டில் இருந்த சனம் சிரித்தது.

சனிக்கிழமை காலை. டீச்சர் வீட்டு லயத்தின் பின்பக்கம் போய் நின்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையின் பின்சுவர் ஒரு பக்கம். வெட்டிய மண்மேடு மறுபக்கம். நடுவில் தண்ணீர் ஓடுகிற கான். கானுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று எட்டுகூட முழுதாக வைக்க முடியாது. அந்த இடத்தின் திறந்த இரண்டு பக்கமும் சேலை கட்டி மறைத்து, நடுவில் பலகை போட்டிருந்தார்கள். ஐந்து வருடமாகப் பெரிய ஹோல்களையும் பெரிய பக்டரியையும் பார்த்த கண்ணுக்கு, பிறந்து வளர்ந்த லயத்தின் அளவு மறந்துபோயிருந்தது. வேறு என்ன சொல்ல?

வாசலில் டீச்சர் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் போனை அதில் போட்டுவிட்டு வந்தாள். என் போனும் அதில்தான் போனது. ஏழு மாமிமாரும் வந்து நின்றார்கள். மூத்தவர் ராக்காயி அத்தை, டீச்சரின் வீட்டுக்காரருக்கு அக்கா. முப்பத்தைந்து வருடமாக மலையில் கொழுந்து பறிப்பவர். அவர்தான் முதலில் ஊற்ற வேண்டும். சுலக்ஷனா பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். குளிரில் பிள்ளையின் தோள் நடுங்கியது.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். ராக்காயி அத்தையின் முகம். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவரின் ஒரு காது. பிள்ளையைப் பிடிக்கலாம் என்று கீழே இறக்கினால், அத்தைக்குத் தலை இல்லை. பின்னால் போனேன், முதுகு மண்மேட்டில் இடித்தது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளையின் நெற்றி மட்டும் வந்தது. ஏழு பேர் எங்கே! இரண்டு பேரே முழுதாக அடங்கவில்லை.

ஐயோ, அந்த மனுசன் சொன்னாரே.

மண்மேட்டில் ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு காலை ஊன்றினேன். ஈர மண் சரசரவென்று சரிந்து கானுக்குள் விழுந்தது. மாமிமார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னா லோஜினி? எல்லாரும் வாறாங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனைக் கொடுங்கள், ஒரே ஒரு படம் அதில் எடுத்துவிடுகிறேன், நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள் என்று கேட்டிருக்கலாம். எதற்கெடுத்தாலும் பாய்கிற என் வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. “வாறாங்க டீச்சர்” என்றேன். பொய். பச்சைப் பொய்.

“நேரமாகுது, ஊத்துங்க” என்று யாரோ சொன்னார்கள். ராக்காயி அத்தை அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துப் பிள்ளையின் தலையில் வைத்தார். மஞ்சள் தண்ணீர் செம்பைத் தூக்கினார். வெந்நீரின் ஆவி எழும்பி லென்ஸை அப்படியே மூடியது. ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இதைத் திரும்ப ஊற்றச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான்.

ஆவி விலகியது. உள்ளே ராக்காயி அத்தையின் முகம் மட்டும் தெரிந்தது. செம்பைப் பிடித்த கை, தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், மூக்குத்தி, கீழே குனிந்து பிள்ளையைப் பார்க்கிற கண். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது. அமுக்கினேன். வேறு வழியில்லை, ஒவ்வொருத்தராக எடுப்போம் என்று துணிந்தேன். அடுத்த மாமி, அடுத்த முகம். ஏழு பேர், ஏழு முகம். பிள்ளையின் முகத்தையும் எடுத்தேன், தண்ணீர் வழிய, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. காட்டைக் கழற்றி டீச்சரின் கையில் வைத்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வா, டீவியில் போட்டுப் பார்ப்போம் என்றார்.

நடந்ததை அன்றைக்குச் சுமனிடம் மட்டும் சொன்னேன். “மூஞ்சி நல்லா வந்திருக்குல்ல? விடு, அது போதும்” என்றார். எனக்கும் ஒரு மூலையில் அந்த நப்பாசை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வீட்டு முன் அறை நிறைந்திருந்தது. மாமிமார் ஏழு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் லெப்டொப்பை டீவியில் மாட்டினார்.

முதல் படம் வந்தது. டீவி முழுக்க ராக்காயி அத்தையின் முகம்.

அடுத்த முகம் வந்தது. அதற்கு அடுத்தது. கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு மூன்றாவது மாமி மெல்ல வாயைத் திறந்தார். “என்னாடி இது? பேனருக்கு எடுத்த மாதிரி இருக்கு.”

எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால் தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் பேனர் கட்டுவார்கள். ஒற்றை முகம், பெரிசாக. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. மற்றபடி கல்யாணமோ திருவிழாவோ, எங்கள் சனம் கூட்டமாகத்தான் நின்று படம் எடுக்கும். தனி முகம் என்றால் அது சாவுக்குத்தான். நல்ல காரியத்துக்கு வந்த ஏழு பேரையும் நான் வரிசையாகப் பேனரில் ஏற்றிவைத்திருந்தேன்.

“எல்லாரும் நிக்கிற படம் எங்க?” என்று டீச்சர் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயம்.

“இல்ல டீச்சர்.”

“இல்லையா? வாறாங்கன்னு சொன்னியே!”

“பொய் சொல்லிட்டேன் டீச்சர். லென்ஸ் தப்பா வாங்கிட்டேன். அந்த எடத்துக்குள்ள அடங்கல்ல. என் தப்புதான்.”

“நல்ல காரியத்துல ஏழு பேரையும் சாகடிச்சி வச்சிருக்கியே! இத அல்பத்துல போட்டா என் மாமியார் வீட்டாளுக என்னைய என்னா சொல்லுவாங்க? ஒன்ன நம்புனேனே நான்!”

டீச்சர் சொன்னது அத்தனையும் நியாயம். ராக்காயி அத்தை டீவியில் இருந்த தன் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவரையே அழவைத்துவிட்டேனே என்று நினைத்தபோது, போதும், இந்த ஊரில் இனிக் கேமராவைத் தூக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பையை எடுத்தேன். கார்மெண்ட் உடுப்பு, சவர்க்காரம், பிள்ளையின் படம் ஒட்டிய டப்பா. சுமன் கதவோரம் நின்று பார்த்தார். “போய்த்தான் ஆகணுமா?” என்றார். “பின்ன? வீட்டுல குந்திக்கிட்டு ஒங்க பஸ்ஸுக்கு உருளக்கெழங்கு தேய்க்கவா?” என்று எரிந்து விழுந்தேன். பிறகு அழுகை வந்தது. அவர் மேல் என்ன பிழை? மாமியார் பேச்சியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் அழுவதைப் பிள்ளை பார்க்கக் கூடாதாம்.

அந்தி சாய்கிற நேரம் ராக்காயி அத்தை வந்தார். என்னைக் கிழிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து எழும்பி நின்றேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காட் இருந்தது.

“நிஷாந்திகிட்ட வாங்கிட்டு வந்தேன். தர மாட்டேன்னா. நான் இந்த வீட்டுக்கு மூத்தவ, என் மூஞ்சி எனக்கு வேணும், குடுன்னேன். குடுத்தா.”

“அத்த, மன்னிச்சிருங்க. நான் வேணும்னு...”

“சும்மா இரு புள்ள. இதுல என் படத்த ரெண்டு அடிச்சித் தா.”

எனக்கு விளங்கவில்லை. “எதுக்கு அத்த? அதான் பேனர் மாதிரி இருக்குன்னு...”

“பேனர் மாதிரிதான் இருக்கு. அதுக்குத்தான் கேக்குறேன்.” அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். “எங்கம்மா செத்தப்ப வீட்டுல ஒரு படம் இல்ல. அடையாள அட்டையில இருந்தத்தான் பெருசாக்கினாங்க. பொலிசு புடிச்சி நிப்பாட்டுன மாதிரி எங்கம்மா அந்த முடக்குல மூணு நாள் தொங்கிச்சி. போறவன் வாறவன் எல்லாம் பாத்தான். எனக்கும் அந்த அட்டப் படம்தான் இருக்கு. கல்யாண வீட்டுப் படத்துல எல்லாம் நான் பின்னுக்கு நிப்பேன், பாதித் தல தெரியும். இன்னைக்கு டீவியில பாத்தேன். எனக்கு இப்பிடி ஒரு மூஞ்சி இருக்கான்னு எனக்கே தெரியாது புள்ள. எழும்பிப் போய் அழுதேன்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணு நான் செத்தா கட்ட” என்றார். “இன்னொண்ணு இப்ப வீட்டுல மாட்ட. சாகுற வரைக்கும் நானும் கொஞ்சம் பாத்துக்கிறேனே!”

அவர் போன பிறகும் நான் பையைப் பிரிக்கவில்லை. ஒரு படத்தை இரண்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் பிள்ளையை வளர்த்துவிட முடியுமா? டீச்சரின் கோபம் கோபம்தான். நாலு தோட்டமும் கூப்பிடப்போவதில்லை. அத்தையின் பிரிண்டைக் கொழும்பில் போட்டு சுமனிடம் அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, காட்டைக் கேமராவுக்குள் போட்டேன். விடியும் வரைக்கும் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, பொழுது வெளுத்துக்கொண்டு வரும் நேரம். சுமன் முன்னால் போய்க் கீழ் ரோட்டில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் ஹட்டன் வரை அதில் போய் கொழும்பு பஸ் பிடிக்க வேண்டும். பையை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பிப் பிள்ளையை ஒரு தடவை பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தேன்.

லயத்து வாசலில் நாலு பேர் நின்றார்கள். மூன்றாவது மாமி, அதுதான் பேனர் என்று சொன்னவர், அவர் முன்னால். அவருக்குப் பின்னால் பேனரில் ஏறாத மூன்று பேர், மேல் லயத்துக்காரிகள். கொழுந்துக் கூடைகளைக் கானோரம் இறக்கி வைத்திருந்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் சாக்குப் படங்குதானே கட்டுவார்கள்? இவர்கள் கட்டியிருந்தது கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. தலையில் பூ. ஒருத்தி கையில் ரூபா நோட்டைச் சுருட்டி வைத்திருந்தாள்.

“என்னா அத்த?” என்றேன்.

மூன்றாவது மாமி வெட்கப்பட்டார். ஐம்பத்திரண்டு வயசு மனுசி! “ராக்காயி தண்ணி புடிக்கிற பீலியடியில சொல்லிச்சி. என்னோடத எடுத்தியே, அது ஈரத் தலையோட இருக்கு. எனக்கு இந்தச் சேலையில எடுத்துத் தா. தனியா. மூஞ்சி மட்டும்.”

“எங்களுக்கும்தான்” என்றாள் பின்னால் நின்றவள். “பெரட்டுல பேரு கூப்புடுறதுக்கு முன்னாடி முடிச்சிரு புள்ள. கணக்கப்புள்ள அழகுமுத்து கத்துவாரு, பிந்திப் போனா பேரு போட மாட்டாரு, இன்னைக்குச் சம்பளம் போயிரும்.”

கீழே சுமன் ஹார்ன் அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. கொழும்பு பஸ் எனக்காக நிற்காது, செவ்வாய்க்கிழமை மெஷினும் நிற்காது. இது ஒரு தொழிலாகுமா, நாலு பேரோடு முடிந்துவிடுமா, எனக்குத் தெரியாது. ஆனால் மேல் லயத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்குவது தெரிந்தது.

கேமராவை எடுத்தேன். வாசலில் இடம் தாராளமாக இருந்தது. மூன்றாவது மாமியை நிற்கவைத்து, நாலு எட்டுப் பின்னால் போனேன். “அத்த, மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்காதீங்க. இன்னும் சாகல்லதானே!” என்றேன். அவர் “ஏய், வாயப் பாரு இவளுக்கு!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அமுக்கினேன்.

ஹார்ன் மறுபடியும் கேட்டது. சத்தத்தில் அபிஷா எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பூ வைத்த பொம்பிளைகளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அம்மா, போகலையா?”

“ஆளுக நிக்கிறாங்களேடி. எப்பிடிப் போறது?” என்றேன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கீழே குனிந்தாள். வாசற்படியில் இருந்த பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுவாங்க மூச்சுவாங்க வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.